நோயாளியை நகர்த்தாதீங்க, படுக்கையை மாத்துங்க

1/
இன்னைக்கு சுகர், பிரஷர், மாத்திரை எதுவும் பேசப் போறதில்லை. நீங்க அட்மிட் ஆனா படுக்கிற வார்டைப் பத்திப் பேசப் போறேன். வார்டு எப்படிக் கட்டணும்ங்கறது இன்ஜினியர் சமாச்சாரம், நமக்கென்னன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். ஒரு நோயாளிதான் அந்த நினைப்பை மாத்தினார். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நடந்தது. அறுபது வயசு தாண்டின ஒரு ஐயா மாரடைப்போட வந்தார். முதல்ல எமர்ஜென்சியில ஒரு பெட். அங்கிருந்து இதய ஐசியு. மூணு நாள்ல தேறினதும் 'ஸ்டெப் டவுன்' வார்டு. அப்புறம் பொது வார்டு. அங்க ஒரு ராத்திரி மூச்சுத்திணறல் வந்து மறுபடியும் ஐசியு. ஒன்பது நாள்ல அஞ்சு படுக்கை, நாலு தடவை ஸ்ட்ரெச்சர்.

3/
ஐசியுவிலிருந்து மாத்தின அன்னைக்குக் காலையில, ரத்தம் உறையாம இருக்கப் போடற ஊசியை அங்க இருந்த சிஸ்டர் போட்டுட்டாங்க. கேஸ் ஷீட்ல எழுதறதுக்குள்ள ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு. புது வார்டு சிஸ்டர் ஷீட்டைப் பார்த்தாங்க, காலை டோஸ் காலியா இருந்தது, போட்டாங்க. ரெண்டு டோஸ். மதியம் ஈறுல ரத்தம் கசிஞ்சப்பதான் தெரிஞ்சது. அதோட நின்னது அவர் அதிர்ஷ்டம். அதே ரத்தம் மூளையில கசிஞ்சிருந்தா?

4/
அவரைத் திரும்ப ஐசியுவுக்கு மாத்தின ராத்திரி நான்தான் கூடப் போனேன். சின்ன சிலிண்டர், அதுலயும் கால்வாசிதான் இருந்தது. லிஃப்ட் மேல எங்கயோ நின்னுடுச்சு. நான் சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கிட்டு நின்னேன். அது சிவப்புக் கோட்டுக்கு வந்தப்ப லிஃப்ட் வந்தது. தள்ளிட்டு வந்த அண்ணன் ஸ்ட்ரெச்சரோட ஓடின ஓட்டத்தை இப்பவும் மறக்கல.

5/
மறுநாள் காலைல அவரோட மனைவி தூக்குச்சட்டியில கஞ்சியோட பொது வார்டுக்கு வந்தாங்க. பெட் காலியா, புது விரிப்பு விரிச்சு இருந்தது. ராத்திரி ஷிஃப்ட் பண்ணினதை அவங்களுக்கு யாரும் சொல்லல. சட்டியைக் கீழ போட்டுட்டு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பிச்சுட்டாங்க. "எம் புருசன எங்க தம்பி கொண்டு போனீங்க?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஐயா உயிரோட மூணாவது மாடியில இருந்தார்.

6/
இதுல யார் மேல தப்பு? அன்னைக்கு டியூட்டியில இருந்த சிஸ்டர்ஸ், டாக்டர்ஸ், ஊழியர்கள் யாரும் சோம்பேறி இல்ல. ஒவ்வொருத்தரும் அவங்க வேலையைச் செஞ்சாங்க. அவர் அபாயத்துல மாட்டினது எல்லாமே ரெண்டு படுக்கைக்கு நடுவுல. அந்தக் கட்டடம் நோயாளியை நகர்த்தாம சிகிச்சை தர முடியாத மாதிரி கட்டப்பட்டது.

7/
கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒருத்தரை ஒரு பெட்ல இருந்து இன்னொரு பெட்டுக்கு மாத்தினா என்னென்ன மாறுது? நர்ஸ் மாறுறாங்க. டாக்டர் மாறுறாங்க. மானிட்டரைக் கழட்டி மாட்டணும். சுவர் ஆக்சிஜன்ல இருந்து சிலிண்டருக்கு, திரும்பச் சுவருக்கு. மருந்து டப்பா, எக்ஸ்ரே, கேஸ் ஷீட் எல்லாம் கூடப் போகணும். ஓவர் கொடுக்கணும், ஓவர் வாங்கணும். இதுல ஒண்ணு விட்டுப்போனாலும் பாதிப்பு நோயாளிக்கு.

8/
நோயாளியோட நிலைமை மாறத்தான் செய்யும். காலைல சுமார், சாயந்தரம் மோசம், ரெண்டு நாள்ல நல்லா ஆயிடுவார். அவர் இருக்கிற இடத்துக்கே மானிட்டரும் ஆக்சிஜனும் கூடுதல் நர்ஸும் வந்தா என்ன? நிலைமை தேறினதும் அதே இடத்துல அதையெல்லாம் எடுத்துட்டா என்ன? இதை ஒரு ஆஸ்பத்திரி நிஜமாவே செஞ்சு பார்த்திருக்கு.

9/
அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ் நகரத்து மெதடிஸ்ட் மருத்துவமனை. 1999-ல் இதய நோயாளிகளுக்கு 56 படுக்கை கொண்ட ஒரு பிரிவைத் திறந்தாங்க. அதுவரைக்கும் தனித்தனியா இருந்த இதய ஐசியுவையும் ஸ்டெப் டவுனையும் ஒண்ணாக்கிட்டாங்க. ஒவ்வொரு அறையும் ஐசியு ஆகவும் மாறும், சாதா அறையாவும் மாறும். நர்ஸ் மேஜையை ஒரே மூலையில வைக்காம அறைகளுக்குப் பக்கத்துலயே பிரிச்சு வெச்சாங்க.

10/
ஆன் ஹெண்ட்ரிக்ங்கற நர்ஸ் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும், மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், மாத்தின பிறகு மூணு வருஷம் கணக்கு எடுத்து 2004-ல் வெளியிட்டாங்க. நோயாளிகளை இடம் மாத்தறது 90% குறைஞ்சது. மருந்துத் தவறுகள் 70% குறைஞ்சது. கீழே விழறதும் குறைஞ்சது. கட்டடத்தை எப்படிப் பிரிக்கிறோம்ங்கறது மருந்துத் தவறைக் குறைக்கும்னு நான் படிச்ச காலத்துல எந்தப் புரொபசரும் எனக்குச் சொல்லல.

11/
உடனே "ஆஹா"ன்னு குதிக்க வேணாம். அது ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பிரிவு. கட்டடத்தோட சேர்த்து வேலை செய்யற முறையையும் மாத்தினாங்க. அதனால முழுப் பெருமையும் சுவருக்குப் போகாது. இதைப் பார்த்து அதே மாதிரி கட்டின வேற பல ஆஸ்பத்திரிகள் திணறவும் செஞ்சுது. காரணம் என்னன்னு கீழ சொல்றேன், அதுதான் நமக்கு முக்கியமான பாடம்.

12/
இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஒவ்வொருத்தருக்கும் தனி அறைங்கறது நம்ம அரசு மருத்துவமனைகள்ல நடக்காத காரியம். எனக்கும் தெரியும். ஆனா "வளைஞ்சு கொடுக்கிற வார்டு"க்குத் தனி அறை கட்டாயம் இல்ல. நம்ம பிரச்சனை வேற மாதிரி. உதாரணம் சொல்றேன், நீங்களே பார்த்திருப்பீங்க.

13/
ஆண்கள் மெடிக்கல் வார்டு நிரம்பி வழியும். வராண்டாவுல பாய் விரிச்சுப் படுத்திருப்பாங்க. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் வார்டுல எட்டு பெட் காலியா இருக்கும். அடுத்த மாசம் நிலைமை தலைகீழ். நடுவுல ஆறு படுக்கை கொண்ட ஒரு அறையைக் கட்டி ரெண்டு பக்கமும் கதவு வெச்சா போதும். இந்த வாரம் இந்தப் பக்கம் பூட்டு, அடுத்த வாரம் அந்தப் பக்கம் பூட்டு. ஊஞ்சல் மாதிரி ரெண்டு பக்கமும் ஆடுற அறை.

14/
அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சா டெங்கு வரும். அப்ப குழந்தைகள் வார்டு எப்படி இருக்கும்னு அம்மாக்களுக்குத் தெரியும். ஒரே பெட்ல ரெண்டு குழந்தை. மார்ச்ல போய்ப் பாருங்க, அதே வார்டு அமைதியா இருக்கும். வருஷா வருஷம் இது வருதுன்னு தெரியும். தெரிஞ்சும் 12 மாசத்துக்கும் ஒரே அளவு சுவர் கட்டி வெச்சிருக்கோம்.

15/
2021 மே மாசத்தை யாராலும் மறக்க முடியாது. அரசு மருத்துவமனை வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை. உள்ள பெட் இல்லாம இல்ல, ஆக்சிஜன் பாயிண்ட் உள்ள பெட் இல்ல. இந்த வித்தியாசம் புரிஞ்சா இந்த இழையில பாதி புரிஞ்ச மாதிரி. கட்டிலும் மெத்தையும் இருந்தது. அதுக்குப் பின்னாடி சுவத்துல குழாய் இல்ல.

16/
ஒரு சின்னக் கணக்கு. பெரிய ஜம்போ சிலிண்டர்ல சுமார் 7,000 லிட்டர் ஆக்சிஜன். பை வெச்ச மாஸ்க்ல ஒருத்தருக்கு நிமிஷத்துக்கு 15 லிட்டர் ஓடினா, ஏறக்குறைய ஏழே முக்கால் மணி நேரம் வரும். 'ஹை ஃப்ளோ' மெஷின்ல 60 லிட்டர் ஓடினா ரெண்டு மணி நேரம்கூட வராது. 30 பேர் உள்ள வார்டுல எல்லாருக்கும் 15 லிட்டர்னா, கால் மணி நேரத்துக்கு ஒரு ஜம்போ சிலிண்டர் காலி.

17/
இதை சிலிண்டர் உருட்டிச் சமாளிக்க முடியுமா? திரவ ஆக்சிஜன் டேங்கும் குழாயும் வேணும். ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் சுமார் 860 லிட்டர் வாயுவா விரியும். ஆனா டேங்க் மட்டும் இருந்தா பத்தாது. "வார்டுல நாலஞ்சு பேருக்குத்தான் தேவைப்படும்"னு கணக்குப் போட்டுச் சின்னக் குழாய் போட்டிருந்தா, எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கும்போது கடைசி பெட்ல அழுத்தம் விழுந்துடும். குழாயோட அகலம் கட்டும்போதே முடிவாகிற விஷயம்.

18/
பழைய ஆளுங்க இதுல நம்மை விடப் புத்திசாலிகள். 1854-ல் கிரிமியப் போருக்குப் போன ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், நெரிசலும் காத்தோட்டமில்லாத வார்டும் என்ன செய்யும்னு அங்க பார்த்தாங்க. 1859-ல் மருத்துவமனைக் கட்டடம் பத்தித் தனிப் புத்தகமே எழுதினாங்க. சுமார் 30 படுக்கை, நீளமான வார்டு, ரெண்டு பக்கமும் உயரமான ஜன்னல், ஒரே இடத்துல நின்னா எல்லாரையும் பார்க்கலாம். நம்ம பழைய பெரியாஸ்பத்திரி வார்டுகள் பலதும் அந்த மாதிரிதான்.

19/
தாம்பரம் சானடோரியத்தைப் பாருங்க. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காக ஆரம்பிச்சது. மரங்களுக்கு நடுவுல தள்ளித் தள்ளிக் கட்டின, காத்து ஓடுற வார்டுகள். 1990-கள்ல எச்ஐவி வந்தப்ப, பல இடத்துல வாசல்லயே திருப்பி அனுப்பின நோயாளிகளை ஏத்துக்கிட்டது அந்த இடம்தான். கட்டினவருக்கு எச்ஐவின்னா என்னன்னே தெரியாது. ஆனா இடமும் காத்தும் தாராளமா விட்டிருந்தார். அது இன்னொரு நோய்க்கும் உதவிச்சு.

20/
கட்டடங்களோட தலையெழுத்து மாறும்ங்கறதுக்கு சென்னையே சாட்சி. ஓமந்தூரார் வளாகம் 2010-ல் தலைமைச் செயலகமா திறந்தது, 2014-ல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆச்சு, 2020-ல் கொரோனா மருத்துவமனை ஆச்சு. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்துல முதியோருக்காகக் கட்டின கட்டடம் 2020 ஜூலையில கொரோனாவுக்குத்தான் முதல்ல திறந்தது. முதியோருக்கு அது கிடைச்சது 2024-ல்.

21/
ஆக, மாற்றம் எப்படியும் வரும். முன்கூட்டியே யோசிச்சுக் கட்டினா ஒரு நாள் வேலை. யோசிக்காம கட்டினா சுவரை உடைக்கணும். நோயாளிகள் படுத்திருக்கும்போது சுவரை உடைச்சா வர்ற தூசியில ஆஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை இருக்கும். நமக்கு அது ஒண்ணும் செய்யாது. புற்றுநோய்க்கு மருந்து ஏத்திட்டு எதிர்ப்பு சக்தி இல்லாம படுத்திருக்கிறவருக்கு அது எமன்.

22/
முன்கூட்டி யோசிச்சவங்க யார்? சிங்கப்பூர்ல தொற்றுநோய்களுக்கான தேசிய மையம் 2019-ல் திறந்தது. சாதாரண நாள்ல 330 படுக்கை, தேவைப்பட்டா 500-க்கு மேல போகிற மாதிரி கட்டினாங்க. சில மாசத்துலயே கொரோனா வந்துடுச்சு. சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழக மருத்துவமனை 2012-ல் திறந்த கட்டடத்துல, வரவேற்புக் கூடத்துத் தூண்களுக்குள்ளயே ஆக்சிஜன் குழாயை மறைச்சு வெச்சிருக்காங்க. கூட்டம் வந்தா வரவேற்புக் கூடமே வார்டு.

23/
சரி டாக்டர், என்னதான் வேணும்ங்கறீங்களா? இப்ப நம்ம மாவட்டங்கள்ல புதுக் கட்டடங்கள் எழும்பிக்கிட்டே இருக்கு. 2021 அக்டோபர்ல ஆரம்பிச்ச மத்திய அரசுத் திட்டத்துல பல மாவட்டங்கள்ல தீவிர சிகிச்சைக் கட்டடம் கட்ட முடிவாச்சு. தனியார்லயும் கட்டிக்கிட்டே இருக்காங்க. இந்தச் சுவர்கள் அம்பது வருஷம் நிக்கும். அதனால செங்கல் வைக்கிற இந்த நேரத்துலதான் நாம கேட்கணும். என் பட்டியல் கீழ.

24/
ஒண்ணு: புது வார்டுல ஒவ்வொரு படுக்கைக்கும் பின்னாடி ஆக்சிஜன், சளி உறிஞ்சும் சக்‌ஷன், ஜெனரேட்டர் இணைப்புள்ள போதுமான பிளக் பாயிண்ட். மானிட்டரும் வென்டிலேட்டரும் இன்னைக்கே வாங்க வேணாம். குழாயும் வயரும் மட்டும் சுவருக்குள்ள இருக்கட்டும். ஒரே பிளக்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு மூணு மெஷின் ஓட்டறதைப் பார்க்கும்போதெல்லாம், தீப்பிடிக்கக் கூடாதேன்னு எனக்கு வயித்தைக் கலக்கும்.

25/
ரெண்டு: முப்பது பேர் கூடத்துக்குப் பதிலா நாலு, ஆறு படுக்கை அறைகள், கண்ணாடித் தடுப்போட. ஆண், பெண், குழந்தை, காய்ச்சல்னு மாத்தி மாத்தி ஒதுக்கலாம். மூணு: வார்டுக்கு ரெண்டு மூணு தனியறை, உள்காத்து வெளியே போக மணிக்கு 12 முறை காத்து மாறுற வசதியோட. காசநோய், தட்டம்மை மாதிரி காத்துல பரவுற நோய்க்கு. மீதி நாள்ல அது சாதா அறை.

26/
நாலு: நர்ஸ் மேஜை ஒரு மூலையில வேணாம். நோயாளி முகம் தெரியற தூரத்துல சின்னச் சின்ன மேஜைகள். அஞ்சு: கட்டில், சிலிண்டர், சலைன் ஸ்டாண்டு, கூட ஒரு ஆள், எல்லாம் ஒண்ணா நுழையற அகலத்துல கதவும் லிஃப்ட்டும். ஆறு: கூட இருக்கிறவங்களுக்கு ஒரு நாற்காலி, போன் சார்ஜ் போட ஒரு பாயிண்ட். அட்டெண்டர் தூங்க இடமில்லாத வார்டுல அவங்க கட்டிலுக்குக் கீழதான் படுப்பாங்க. அவசரத்துல நாங்க ஓடி வரும்போது முதல்ல அவங்க மேலதான் தடுக்கி விழுவோம்.

27/
இப்ப எதிர்க்கேள்விகள். "செலவு ஆகுமே?" ஆகும். ஆனா கட்டும்போது குழாய் போடறது ஒரு தடவை செலவு. பின்னாடி சுவரை உடைச்சுப் போட்டா உடைக்கிற கூலி, பூசற கூலி, அத்தனை நாள் வார்டை மூடற நஷ்டம், எல்லாம் சேரும். வீடு கட்டின எல்லாருக்கும் இது தெரியும். மேல மாடி எடுக்கலைன்னாலும் தூணுக்குக் கம்பியை நீட்டி விட்டுத்தானே வைக்கிறோம்?

28/
"அப்ப ஐசியுவே வேணாமா?" வேணும். வென்டிலேட்டர்ல இருக்கிறவருக்கு, நிமிஷத்துக்கு நிமிஷம் மருந்து மாத்த வேண்டியவருக்குத் தனி ஐசியுவும் அதுக்குன்னே பழகின டீமும் கட்டாயம் வேணும். நான் சொல்றது நடுவுல இருக்கிறவங்களுக்கு. மாரடைப்பு வந்து தேறுறவர், ஆக்சிஜன்ல இருக்கிற நிமோனியா, பெரிய ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள். இவங்கதான் அதிகமா ஸ்ட்ரெச்சர்ல அலையறாங்க.

29/
"நர்ஸ் எங்க இருக்காங்க?" இதுதான் நிஜமான கேள்வி. மேல 11-ல் சொன்ன திணறலும் இங்கதான். ஒரே வார்டுல ஐசியு நிலை நோயாளியும் நாளைக்கு வீட்டுக்குப் போறவரும் இருந்தா, ரெண்டையும் பார்க்கத் தெரிஞ்ச நர்ஸ் வேணும். நிலைமை மோசமானா அந்த ஷிஃப்ட்லயே ஆள் கூட்டணும். சுவரை மட்டும் வளைச்சுட்டு டியூட்டி பட்டியலை வளைக்கலைன்னா, ஒரு சிஸ்டர் தலையில ரெண்டு வார்டு வேலை விழும். அதுக்கு இருக்கிற முறையே தேவலை.

30/
அதனால நான் தெளிவாவே சொல்றேன். பணம் கொஞ்சம்தான் இருக்கு, குழாயா நர்ஸான்னு கேட்டா, முதல்ல நர்ஸ். நிரந்தர வேலையில, பயிற்சியோட. மானிட்டர் சத்தம் போடும். அது ஏன் சத்தம் போடுதுன்னு பார்க்க ஒரு மனுஷி வேணும். கட்டடத்தைத் திறக்கும்போது ரிப்பன் வெட்டுறாங்க, சந்தோஷம். அதே மேடையில எத்தனை நர்ஸ் பணியிடம்னும் சொல்லட்டும்.

31/
இன்னொரு பயம், பில். இந்தியாவுல கட்டணம் அறையோட பேர்ல இருக்கு. அதே கட்டில்ல படுத்திருந்தா, தேறின பிறகும் ஐசியு சார்ஜ் போடறவங்க வர மாட்டாங்கன்னு சொல்ல முடியாது. காப்பீடுலயும் அறை வாடகைக்கு ஒரு வரம்பு, ஐசியுவுக்கு வேற வரம்புன்னு வைக்கிறாங்க. இது மாறணும். கட்டணம் அறைக்கு இல்லாம, அன்னைக்குக் கொடுத்த கவனிப்போட அளவுக்கு இருக்கணும். அது கேஸ் ஷீட்ல தினமும் எழுதியிருக்கணும், உங்களுக்குக் காட்டணும். இதைச் சரிபண்ணாம என் பட்டியலைத் தனியார்ல அமல்படுத்த நானே சம்மதிக்க மாட்டேன்.

32/
கட்டடம் மாறுற வரைக்கும் நீங்க என்ன செய்யலாம்? உங்க வீட்டு ஆளை ஒரு வார்டுல இருந்து இன்னொரு வார்டுக்கு மாத்தறாங்கன்னா இதைக் கேளுங்க, மரியாதையா, தயங்காம:
ஏன் மாத்தறீங்க, எந்த மாடி, எந்த வார்டு?
கடைசியா எந்த மருந்து எத்தனை மணிக்குப் போட்டீங்க? (போன்ல எழுதிக்கோங்க. புது வார்டுல சொல்லுங்க.)
சிலிண்டர்ல எவ்வளவு இருக்கு, கூட யார் வர்றாங்க?
ராத்திரி மாத்தினா எந்த நம்பருக்குக் கூப்பிடுவீங்க?

33/
"கேட்டா டாக்டர் கோவிச்சுப்பாரோ"ன்னு நினைக்காதீங்க. அந்த ஐயாவோட வீட்டுல யாராவது "காலைல ஊசி போட்டாச்சே சிஸ்டர்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டாவது டோஸ் போயிருக்காது. கேட்கிறவங்களைப் பார்த்துக் கோவப்படற என் நண்பர்களுக்கும் சேர்த்தேதான் சொல்றேன்.

34/
அந்த ஐயா பிழைச்சார். டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவர் மனைவி எனக்கும் ஒரு டம்ளர் கஞ்சி ஊத்திக் கொடுத்தாங்க. "இனிமே இவர எங்க தூக்கிட்டுப் போனாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க தம்பி"ன்னாங்க. அந்தக் காலிப் படுக்கையைப் பார்த்து அவங்க அழுததுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல. இந்த இழை அதுல ஒரு பகுதி.

35/
உங்க ஊர்ல புது ஆஸ்பத்திரிக் கட்டடம் வருதா? உங்க எம்எல்ஏகிட்டயோ கலெக்டர்கிட்டயோ மனு கொடுக்கும்போது "எத்தனை படுக்கை"யோட நிறுத்தாதீங்க. எத்தனை படுக்கைக்குப் பின்னாடி ஆக்சிஜன் குழாய் இருக்கு, எத்தனை நர்ஸ் இருப்பாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க. நர்ஸ், டாக்டர், இன்ஜினியர் நண்பர்கள் உங்க அனுபவத்தைக் கீழ எழுதுங்க. நான் சொன்னதுல தப்பு இருந்தா திருத்துங்க.